பழைய பொறியும் மறுவாழ்வும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் பற்றிப் பேசுதல் தகுமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். அவ்வையத்தைப் போக்கத் தொல்காப்பியமே துணை நிற்கிறது. நூல்களை வகைப்படுத்தும் அதன் மரபியல், முதனூல், வழிநூல் என இரண்டு கூறுகிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கிறது. ஒருவர் ஆக்கியதை மற்றொருவர் எடுத்துத் தம் காலத்திற்கும் தம் மக்களுக்கும் ஏற்ப மறுபடியும் ஆக்குதல் இழிதொழில் அன்று. அதுவும் இலக்கணம் உடைய ஓர் ஆக்கமே என்பது இதனால் பெறப்படும் கருத்தாகும்.

இக்கருத்து ஏட்டில் எழுதப்படும் நூலுக்கு மட்டுமா, இரும்பாலும் சில்லாலும் ஆகிய பொறிக்கும் பொருந்துமா? பொருந்துமாயின் அதன் எல்லை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

வடசென்னையின் வழிநூல்கள்

பொறிகளுக்கு மறுவாழ்வு அளிக்கும் கலையை வடசென்னைக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளை உருவாக்கத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் அனைத்துப் பாகங்களும் இங்கேயே செய்யப்பெற்றன. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. முதனூல் மறைந்தது, திருவொற்றியூரின் வழிநூல் நின்றது. 1977-இல் அதே வண்டி இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாகவும் தொடங்கியது. பிறந்த நாடு கைவிட்ட பொறி, வளர்த்த ஊரால் வாழ்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆலைக்கு வெளியே, தெருவில் நிகழ்ந்த ஆக்கம் ஒன்றும் உண்டு. அதுதான் மீன்பாடி வண்டி. மூன்று சக்கரச் சரக்கு மிதிவண்டி ஒன்றில், ஓய்ந்துபோன ஸ்கூட்டரின் அல்லது மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பொருத்தி, மீனும் பனிக்கட்டியும் இரும்புக் கம்பியும் ஏற்றிச் செல்லும் வண்டி அது. எந்தக் கல்லூரியும் அதற்கு வரைபடம் தரவில்லை. பட்டறைக்காரரின் கையும், சுமை ஏற்றுவோரின் தேவையுமே அதனை வடித்தன. அதே வேளையில், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிற்கு மாறாக ஒரு வண்டியை மாற்றுவதைத் தன் 52-ஆம் பிரிவில் தடுக்கிறது. திறமை ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம். இரண்டிற்கும் நடுவே பிழைப்பு. இந்த முக்கோணத்தை நினைவில் இருத்திக்கொள்ளல் நலம். விளையாட்டுப் பெட்டியின் கதையிலும் இதே முக்கோணம் மீண்டும் வரும்.

துறைமுகத்தின் வாயிலை ஒட்டிய இராஜாஜி சாலையில் பர்மா பஜார் இருக்கிறது. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தபின், வாழ்ந்த நாட்டை விட்டு வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1969-இல் அமைந்த கடைத்தெரு அது. வானொலிப் பெட்டியும் டேப் ரெக்கார்டரும் தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியும் சென்னை மக்களின் கண்ணில் முதலில் பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. மறுவாழ்வு தேடி வந்த மனிதர்களின் கடைத்தெரு அயல்நாட்டுப் பொறிகளுக்கு வாயிலாக அமைந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வீட்டிற்குள் வந்த விளையாட்டு

ஜப்பானில் 1983-இல் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியை இந்தியக் குழந்தைகளுள் மிகச் சிலரே கண்டிருப்பர். அவர்கள் அறிந்தவை அதன் நகல்கள். 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' என்னும் பெயர்களில் 1990-களில் விற்ற கருவிகளில்தாம் மாரியோ தாவினான். கான்ட்ரா வீரர்கள் சுட்டனர். 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக சேகா மெகா டிரைவ் வந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். ஆலைத் தொழிலாளி ஒருவரின் பல மாத ஊதியம் அது. ஆகவே, நகலும் பழைய பொருளும் வாடகைக் கடையுமே எளிய மக்களின் பிள்ளைகளுக்கு எட்டிய வழிகளாயின. நம் நாட்டுப் பிள்ளைகளின் முதல் விளையாட்டுப் பெட்டியே ஒரு வழிநூல்தான் எனில் அது மிகையன்று.

பூட்டிய பெட்டி

மறுவாழ்வு பெற்ற விளையாட்டுக் கருவிகளுள் தலையாயது, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ். அதே ஆண்டில்தான் எண்ணூர்த் துறைமுகமும் செயற்படத் தொடங்கியது. இந்தியாவில் அந்நிறுவனம் முறைப்படி விற்றது 2006-இல் வந்த அடுத்த தலைமுறைக் கருவியையே. முதல் எக்ஸ்பாக்ஸ் இங்கு வந்ததெல்லாம் கடல் கடந்து சென்றோரின் பெட்டிகளிலும், இறக்குமதிக் கடைகளின் அடுக்குகளிலுமே. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியை நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே அதன் இந்திய வாழ்வின் முதல் அத்தியாயம்.

அக்கருவியின் உள்ளே இருந்தது ஏறத்தாழ ஒரு கணிப்பொறியே ஆகும். இன்டெல்லின் 733 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 மெகாபைட் நினைவகம், 8 கிகாபைட் வன்தட்டு, வலைப்பின்னலுக்கான இணைப்பு ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. ஆயினும், நிறுவனம் ஒப்புதல் அளித்த விளையாட்டு அல்லாத எதனையும் அது இயக்காது. வன்தட்டும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. டி.வி.டி. படம் பார்ப்பதற்குக்கூடத் தனியே ஒரு தொலையியக்கியை விலைக்கு வாங்க வேண்டும். பெட்டியை அடக்க விலையினும் குறைத்து விற்று, அந்த இழப்பை விளையாட்டுகளின் விற்பனையில் மீட்பது வணிக முறை. ஆகவேதான் அத்துணைப் பூட்டுகள்.

பூட்டைத் திறந்தவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ ஹுவாங். பெட்டியின் இரு சில்லுகளுக்கிடையே ஓடும் மின் சைகைகளை 2002-இல் ஒற்றுக்கேட்டு, அதில் மறைந்து செல்லும் திறவுகோலைக் கண்டறிந்தார். அவர் அதனை விளக்கி எழுதிய நூலை வெளியிட இசைந்திருந்த பதிப்பகம், அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திற்கு அஞ்சிப் பின்வாங்கியது. 2003-இல் வேறு பதிப்பகம் அதனை வெளியிட்டது. 2013-இல் ஹுவாங்கும் பதிப்பகத்தாரும் நூலின் மின் வடிவத்தை எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கினர். நூல் அச்சேறுவதற்கே அஞ்ச வேண்டிய நிலை வந்ததென்பது நூலையே வாழ்வாகக் கொண்ட இவ்வவையினர் கருதத்தக்கது.

பின்னர் வந்தோர்க்கு இரு வழிகள் அமைந்தன. ஒன்று, தாய்ப்பலகையில் புதிய சில்லு ஒன்றைப் பற்றவைத்தல். மற்றொன்று, பெட்டியைத் திறவாமலே செய்யும் மென்பொருள் மாற்றம். குறிப்பிட்ட சில விளையாட்டுகள், சேமித்து வைத்த ஆட்டத்தை மீண்டும் படிக்கும்போது அதனைச் சரிவரச் சோதிப்பதில்லை. அந்த ஓட்டை வழியே வேறு நிரலை நுழைத்துவிடலாம். கோட்டைக் கதவை உடைப்பது முதல் வழி. காவலன் அயர்ந்த நேரத்தில் திட்டிவாசலில் நுழைவது இரண்டாம் வழி.

பெட்டிக்குள் புகுந்த திரையரங்கு

திறந்த பெட்டியை என் செய்வது? 2002-இல் தன்னார்வலர் சிலர் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்னும் நிரலை எழுதினர். அதுவே விரிந்து எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர், சுருக்கமாக எக்ஸ்.பி.எம்.சி., என்னும் பெயர் பெற்று 2004-இல் தன் முதற் பதிப்பைக் கண்டது. ஓர் அறையிலுள்ள கணிப்பொறியில் படமும் பாட்டும் இருக்கும். பெட்டி அவற்றை ஒரு கம்பி வழியாகச் சிறிது சிறிதாக வாங்கி, வாங்கும்போதே மற்றோர் அறையின் தொலைக்காட்சியில் காட்டும். ஸ்ட்ரீமிங் என்று இன்று எல்லா வீடுகளிலும் வழங்கும் சொல்லின் பொருளை, அச்சொல் பரவுவதற்கு முன்பே, கைவிடப்பட்டவொரு விளையாட்டுப் பெட்டி செய்து காட்டியது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அந்நிரலின் மூலவரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பரப்பலாம். ஆயின், அவ்வரிகளைப் பெட்டி இயக்கும் வடிவிற்கு மாற்ற வேண்டுமானால் மைக்ரோசாஃப்டின் உரிமம் பெற்ற கருவித்தொகுப்பு வேண்டும். ஆகவே, எழுதியோர் வரிகளை மட்டுமே வெளியிட்டனர். இயங்கும் வடிவத்தை வெளியிடவில்லை. செய்யுளைச் சொல்லலாம், அதை இசையோடு பாடலாகாது என்பது போன்றதொரு நிலை இது.

எக்ஸ்.பி.எம்.சி. முதனூலாக, அதிலிருந்து பாக்ஸி, பிளெக்ஸ் எனும் வழிநூல்கள் கிளைத்தன. 2010-இல் அக்குழுவே பழைய பெட்டிக்காக எழுதுவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று மைக்ரோசாஃப்டும் அப்பெட்டிக்கான இணையச் சேவையை மூடியது. அப்போதும் சில தன்னார்வலர் பழைய பெட்டிக்கெனத் தனிக் கிளை ஒன்றைத் தொடர்ந்து பேணினர். 2014-இல் மூல நிரல் கோடி எனப் பெயர் மாறியது. அயலவர் வைத்த பெயர்தான். எனினும், தமிழில் கோடி என்பது புத்தாடையையும் குறிக்கும். பழைய உடம்பிற்குப் புத்தாடை உடுத்தியவர்கள், தாம் அறியாமலே பொருத்தமான பெயரைச் சூட்டிவிட்டனர்.

கூடுவிட்டுக் கூடு பாய்தல்

மறுவாழ்வின் மற்றொரு வகை எமுலேட்டர் எனப்படுவது. ஒரு கணிப்பொறி தன்னை முற்றிலும் வேறொரு கணிப்பொறியாக நடித்துக் காட்டுவது இது. சித்தர் மரபில் பேசப்படும் கூடுவிட்டுக் கூடு பாய்தலை நினைத்துக்கொண்டால் விளங்கும். 1980-இல் வந்த பேக்-மேன் என்னும் ஆர்கேட் விளையாட்டின் செயலி நொடிக்கு முப்பது இலட்சத்திற்குச் சற்றே மேற்பட்ட துடிப்புகளில் இயங்கியது. அதன் நிரலோ வெறும் 16 கிலோபைட். எக்ஸ்பாக்ஸின் செயலி அதனினும் இருநூறு மடங்குக்கு மேல் விரைவுடையது. ஆகவே, பழைய செயலியின் ஒவ்வோர் ஆணையையும் படித்துத் தன் ஆணைகளாக மாற்றி, அந்த விளையாட்டைப் பழைய வேகத்திலேயே நடத்த அதனால் முடிகிறது. தொல்காப்பியம் சொன்ன நால்வகை வழிநூல்களுள் இது மொழிபெயர்ப்பு. உவமையாக அன்று, உண்மையாகவே மொழிபெயர்ப்பு.

இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட மேம் என்னும் நிரல் இத்துறையின் பெருநூல். அதன் எக்ஸ்பாக்ஸ் வடிவம் மேம்ஆக்ஸ் எனப்பட்டது. 64 மெகாபைட் நினைவகத்திற்குள் அடங்காத பெரிய விளையாட்டுகள் அதில் ஓடா. பழைய சிறு விளையாட்டுகள் இனிதே ஓடின.

இது பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. நிரலைத் தாங்கிய பழைய சில்லுகள் காலப்போக்கில் தம் மின்னேற்றத்தை இழந்து நினைவழிந்து போகும். காப்காம் நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட ஒருவகை ஆர்கேட் பலகையின் நிலை இன்னும் கொடியது. நகலெடுப்போரைத் தடுக்க, திறவுகோலைச் சிறு மின்கலம் ஒன்றின் துணையால் நினைவில் நிறுத்தினர். மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் அழியும். விலை கொடுத்து வாங்கியவரின் பலகையும் ஊமையாகிவிடும். தற்கொலை மின்கலம் என்றே அதற்குப் பெயர் வந்தது. அதன் மறைகுறியை ஆர்வலர் விடுவித்ததால்தான் அவ்விளையாட்டுகள் பிழைத்தன. காக்க வைத்த பூட்டே கொன்றது. பூட்டை உடைத்தவரே காத்தனர்.

பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகள். செல்லரிக்குமுன் வேறோர் ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதுவோர் இல்லாத ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. தப்பியவற்றைத் தேடித் திரட்டி, பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கி, உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரே விளையாட்டின் பல பலகைகளைத் திரட்டி, அவற்றின் நிரல்களை ஒப்பிட்டு, எது முந்தியது, எது சிதைந்தது எனக் குறித்து வைக்கும் மேம் குழுவினரின் பணியும் முறையால் இதனையே ஒக்கும். பொருளால் ஒக்குமா எனின், ஒவ்வாது. சிந்தாமணியும் பேக்-மேனும் ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல. ஆயினும், எது பேணத்தக்கது என்பதை வருங்காலம் முடிவு செய்யும். அதுவரை அழியாமல் வைத்திருப்பதே நிகழ்காலத்தின் கடன்.

வரம்பு

இனி இரண்டாம் வினாவுக்கு வரவேண்டும். எல்லை யாது?

முதல் எல்லை உரிமை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை ஈராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 'உரிமையை மீறும் நோக்கத்தோடு' என்னும் தொடர் ஈண்டு இன்றியமையாதது. சட்டம் தடுக்காத ஒரு நோக்கத்திற்காகச் செய்வதற்கு அதே பிரிவு இடம் விடுகிறது. முறைப்படி பெற்ற நிரலைப் பாதுகாப்புக்காகப் படியெடுத்து வைத்துக்கொள்ள 52-ஆம் பிரிவும் இசைவளிக்கிறது. தன் பெட்டியைத் தான் திறப்பது வேறு. பிறர் உழைப்பான விளையாட்டுகளை ஆயிரக்கணக்கில் வன்தட்டில் நிரப்பி விற்பது வேறு. முன்னது வழிநூல், பின்னது நூற்களவு. நால்வகை வழிநூலைச் சொன்ன மரபில் களவுக்கு இடமில்லை.

இரண்டாம் எல்லை கைத்திறன். பெரும்பாலான எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் கடிகாரத்திற்கென ஒரு சிறு மின்தேக்கி உண்டு. ஆண்டுகள் ஆக அது கசிந்து, பலகையின் செம்புத் தடங்களை அரிக்கும். உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் எந்தப் பலகைக்கும் அரிப்பு விரைவு. மாற்றம் செய்வோர் முதலில் செய்ய வேண்டியது அந்த மின்தேக்கியை நீக்குதல். பூட்டிய வன்தட்டின் கடவுச்சொல்லைப் படியெடுத்து வைக்காமல் தாய்ப்பலகையை இழந்தவர்க்குத் தட்டும் பயன்படாது. மின்வழங்கிப் பகுதியை, இணைப்பை நீக்கிய பின்னும் கை வைத்துத் தொடலாகாது. அறியாத கை மறுவாழ்வு தராது.

மூன்றாம் எல்லையே வடசென்னைக்கு மிக நெருங்கியது. பழைய எக்ஸ்பாக்ஸ் இயங்கும்போது ஏறத்தாழ 60 வாட் மின்சாரம் உண்ணும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயக்கினால் மாதத்திற்கு ஏழு யூனிட்டுக்கு மேல் ஆகும். 2012-இல் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணிப்பொறியோ, கோடியையும் மேமையும் ஐந்து வாட் அளவில் இயக்கிவிடும். மாதத்திற்கு ஒரு யூனிட்டும் ஆகாது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி அனல்மின் நிலையத்தில் எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிகிறது. இறால் பிடித்து வாழ்ந்த ஆற்று மீனவரின் வலையில் அச்சாம்பல் ஏறுகிறது. மறுபுறம், பயனற்றதென எறியப்படும் பொருள்கள் கொடுங்கையூர்க் குப்பைமேட்டை நாடி வருகின்றன. ஆகப் பொறியை எறிந்தாலும் சுமை வடசென்னைக்கு. அதிக மின்சாரம் உண்ணவிட்டு இயக்கினாலும் சுமை வடசென்னைக்கு.

ஆதலின், பழையது என்பதாலேயே எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருத்தல் அறிவுடைமை ஆகாது. நாள்தோறும் படம் பார்க்கச் சிறிய கருவி போதும். பழைய பெட்டி கற்பதற்கும், எப்போதாவது ஆடுவதற்கும், பேணி வைப்பதற்கும் உரியது. பழுதுநீக்கும் உரிமையை வலியுறுத்தி 2022 டிசம்பரில் இந்திய அரசு ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், தயாரித்தவரே கழிவுக்கும் பொறுப்பாவர் என்கின்றன. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும், தயாரித்தவர் கைவிட்ட பொறியின் பூட்டைத் திறக்கும் திறவுகோலை, கைவிடும் நாளிலேயே வாங்கியவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்னும் விதி இன்னும் தேவைப்படுகிறது. அது வந்தால், சட்டத்திற்கும் பட்டறைக்கும் நடுவே நிற்கும் இளைஞன் குற்றவாளி போல் ஒளிந்து கற்க வேண்டியிராது.

நிறைவாக

முதல் எக்ஸ்பாக்ஸ் உலகின் சில மொழிகளில் பேசியது. தமிழ் அவற்றுள் இல்லை. எத்தனை கோடிப் பேர் பேசினும், வணிகக் கணக்கில் தமிழுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. அப்பெட்டியைத் திறந்தோர் எழுதிய நிரலோ, எவரும் திருத்தலாம் என்னும் உரிமையோடு வளர்ந்து கோடியாக நின்றபோது, தமிழறிந்த தன்னார்வலர் அதன் திரைச் சொற்களைத் தமிழில் பெயர்த்தனர். இன்று அந்த மென்பொருளைத் தமிழிலேயே இயக்கலாம். பூட்டிய பெட்டி தராத தமிழைத் திறந்த நிரல் தந்தது.

இலக்கிய வட்டங்களுக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. பட்டறையில் கற்ற அறிவு ஏட்டில் ஏறாமல் போவது தமிழின் நெடுநாள் குறை. மீன்பாடி வண்டியை வடித்தவர் எவரென எந்த நூலும் சொல்லவில்லை. கைவினைஞர் செய்கிறார், எழுத்தறிந்தவர் எழுதுவதில்லை. இத்தலைமுறையின் பொறிவினைக்கேனும் அந்நிலை வரலாகாது. பற்றவைக்கும் கையருகே ஒரு குறிப்பேடும் இருக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். சொல் இல்லாத இடத்தில் புதுச்சொல் படைக்கவும், வழங்கும் சொல்லை அவ்வாறே ஏற்கவும் தமிழறிந்தோர் துணை நிற்க வேண்டும்.

திருவொற்றியூர் ஒரு வண்டியை அதன் தாய்நாடு கைவிட்ட பின்னும் காத்தது. அக்கையின் பேரப்பிள்ளைகள் இன்று சில்லுகளைக் கையில் எடுத்திருக்கின்றனர். அவர்கள் செய்வது வழிநூல் என்று சொல்லும் துணிவும், களவு எது என்று காட்டும் நேர்மையும் சான்றோர் அவைக்கு உண்டு. அந்த இரண்டையும் அவர்களுக்கு வழங்குமாறு இவ்வவையை வேண்டி இவ்வுரை நிறைவுறுகிறது.